64 பக்கங்களில் 13 மட்டும்: லினக்ஸில் பிடிஎஃப் அச்சிட்டபோது எழுத்து கெட்ட ஒரு நிகழ்வின் ஆய்வு

எங்கள் ஊர் வாசகர் வட்டம் ஆண்டுதோறும் கொண்டுவரும் மலரின் பக்க வடிவமைப்பை நான் கவனித்து வருகிறேன். சென்ற ஆண்டு மலர் ஏ5 அளவில் 64 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் நான்கு. உள்பக்கங்கள் முழுவதும் கறுப்பு மை மட்டும். டெபியன் லினக்ஸ் நிறுவிய கணினியில் லிப்ரெஆபிஸ் ரைட்டரில் பக்கங்களைக் கட்டி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை 10 பாயிண்ட் அளவில் வைத்து, அச்சிடும் பெட்டியில் 'பிடிஎஃப்' என்ற பெயரோடு இருந்த மெய்நிகர் அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுத்துக் கோப்பை உருவாக்கி அச்சகத்துக்கு அனுப்பினோம். ஆஃப்செட் அச்சுக்கான பிளேட் எடுப்பதற்கு முன் லேசர் புரூஃப் எடுத்துப் பார்த்த அச்சகத்தார் தொலைபேசியில் அழைத்து, சில பக்கங்கள் ஜெராக்ஸ் எடுத்த தாளையே மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்தது போல இருக்கின்றன என்றார். அவர் அந்த அக்கறையை எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் மலர் அப்படியே அச்சாகி வந்திருக்கும். அன்று தொடங்கி மூன்று மாலைகளில் நான் கண்டறிந்ததை, வந்த வரிசையிலேயே, தவறான தடங்களையும் விடாமல் இங்கே பதிவு செய்கிறேன்.

புரூஃபில் தெரிந்தது

கெட்டுப்போன பக்கங்களில் எழுத்துகள் தடித்திருந்தன. 'ழ', 'ஞ', 'இ' போன்ற எழுத்துகளின் உட்சுழிகள் பாதி அடைபட்டிருந்தன. இகரக் குறியின் மெல்லிய வளைவு ஓரிடத்தில் அறுந்தும் ஓரிடத்தில் பருத்தும் நின்றது. புள்ளிகள் வட்டமாக இல்லாமல் சிறு சதுரங்களாக விழுந்திருந்தன. தமிழ் எழுத்தில் நுண்ணிய வளைவுகள் அதிகம் என்பதால், ரோமன் எழுத்தில் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடிய சிதைவுகூட இங்கே உடனே துலங்கிவிடுகிறது. அதே புரூஃபில் மற்றப் பக்கங்கள் கூர்மையாக, குறை சொல்ல இடமில்லாமல் இருந்தன. எல்லாமே ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே கோப்பு. இந்த வேறுபாடுதான் முழு வழக்குக்கும் திறவுகோல் என்பது எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது.

முதல் மாலை வீணானது

எழுத்து சரியில்லை என்றதும் லினக்ஸ் பயன்படுத்துவோர் பலரும் செய்வதையே நானும் செய்தேன். எந்த எழுத்துருவை எப்படிக் காட்டுவது என்று லினக்ஸில் தீர்மானிக்கும் ஃபான்ட்கான்ஃபிக் அமைப்புகளைத் திறந்து, எழுத்து விளிம்பை மென்மையாக்கும் தேர்வுகளையும், ஹின்டிங் எனப்படும் படப்புள்ளிக் கட்டத்துக்கு ஏற்ப எழுத்தைச் சீரமைக்கும் தேர்வுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். திரையில் எழுத்து மாறியது. பிடிஎஃபில் எதுவும் மாறவில்லை. மாறாததற்குக் காரணம் உண்டு. அந்த அமைப்புகள் எழுத்தின் வளைகோடுகளைத் திரையின் படப்புள்ளிகளாக மாற்றும் கட்டத்துக்கு உரியவை. முறையாக உருவான பிடிஎஃப் கோப்பு எழுத்துருவின் வளைகோடுகளையே தன்னுள் பதித்து எடுத்துச் செல்கிறது. அதைத் திறக்கும் கருவிதான், அது திரையானாலும் பிளேட் இயந்திரமானாலும், தன் நுண்மைக்கு ஏற்ப அவற்றைப் புள்ளிகளாக மாற்றிக்கொள்கிறது. எனவே என் திரையின் ஹின்டிங் அமைப்பு அச்சகத்தின் பிளேட்டைத் தொடவே முடியாது.

அடுத்து எழுத்துரு மாற்றீட்டைச் சந்தேகித்தேன். கேட்ட எழுத்துரு கணினியில் இல்லையென்றால் ஃபான்ட்கான்ஃபிக் அதற்கு நெருக்கமானதாகக் கருதும் வேறொன்றை எடுத்துக் கொடுக்கும். பழைய எக்ஸ் சாளர முறைக்கு உரிய ஹெல்வெடிகா புள்ளிப்பட எழுத்துருக்கள் நிறுவப்பட்டிருந்த கணினிகளில், அவை அச்சுக்குள் நுழைந்து ஆங்கிலத் தலைப்புகளைப் பல்பல்லாக ஆக்கிய காலமும் இருந்தது. ஆனால் எஃப்சி-மேட்ச் கட்டளையில் நோட்டோ செரிஃப் தமிழ் என்று கேட்டபோது அதே எழுத்துருவின் கோப்புதான் விடையாக வந்தது. மேலும், மாற்றீடு நடந்திருந்தால் 64 பக்கங்களிலும் நடந்திருக்க வேண்டும்.

கோப்பின் உள்ளே

இரண்டாம் நாள் அமைப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டுக் கோப்பையே ஆராயத் தொடங்கினேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குறை கோப்பில் இருக்கிறதா, கோப்பைக் காட்டும் மென்பொருளில் இருக்கிறதா என்பது. கெட்ட பக்கம் ஒன்றை எவின்ஸ், ஒகுலர் என்ற இரண்டு பிடிஎஃப் காட்டும் மென்பொருள்களிலும் 800 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டிலும் எழுத்தின் விளிம்பு சதுரச் சதுரமாக உடைந்திருந்தது. நல்ல பக்கத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கினால் வளைவு வளைவாகவே நின்றது. ஆகவே குறை கோப்பில்தான்.

பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் பாப்ளர் தொகுப்போடு வரும் இரண்டு சிறு கட்டளைகள் மீதியைச் சொல்லின. பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளை ஒரு கோப்பில் உள்ள எழுத்துருக்களின் பெயர், வகை, அவை கோப்புக்குள் பதிக்கப்பட்டிருக்கின்றனவா, யூனிகோட் குறிப்பு இருக்கிறதா என்பவற்றை அட்டவணையாகத் தருகிறது. தொடக்கப் பக்கத்தையும் இறுதிப் பக்கத்தையும் குறிப்பிட்டுத் தனித்தனிப் பக்கமாகவும் அதைக் கேட்கலாம். நல்ல பக்கங்களில் நோட்டோ செரிஃப் தமிழ் பதிக்கப்பட்டிருந்தது. கெட்ட பக்கங்களில் பட்டியல் வெறுமையாக வந்தது. அந்தப் பக்கங்களில் எழுத்துரு என்று ஒன்றே இல்லை. பிடிஎஃப்இமேஜஸ் கட்டளையைப் பட்டியலிடச் சொல்லி இயக்கியபோது, அதே பக்கங்களில் தாளை முழுவதும் மூடும் படம் இருப்பதும், அதன் நுண்மை அங்குலத்துக்கு 300 புள்ளி என்பதும் தெரிந்தன. நாம் எழுத்து என்று பார்த்துக்கொண்டிருந்தது எழுத்தின் நிழற்படம் மட்டுமே.

10 பாயிண்ட் எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், எழுத்தின் மொத்த உயரச் சதுரத்துக்கே ஏறத்தாழ 42 புள்ளிகள்தான் கிடைக்கும். மெல்லிய கோட்டுக்கு இரண்டோ மூன்றோ புள்ளிகள். சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கும் அதே கதிதான். உட்சுழிகள் அடைபட்டதன் கணக்கு இதுதான். கோப்பின் அளவும் இதையே காட்டிக்கொண்டிருந்தது. 2 எம்பிக்குச் சற்று மேல் இருக்க வேண்டிய கோப்பு 19 எம்பியாக வீங்கியிருந்ததை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும்.

எந்தப் பக்கங்கள்

கெட்ட பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். 3ஆம் பக்கமும், 25 முதல் 36 வரையிலான பக்கங்களும், ஆக 13. பின்னவை கவிதைப் பகுதி. அந்தப் பகுதிக்கென வைத்த பக்கப் பாணியில், வரிகளுக்குப் பின்னால் ஒரு குத்துவிளக்கின் படம் மிக வெளிறித் தெரியும்படி அமைத்திருந்தோம். படம் இருக்கும் பக்கம் கெடுகிறது என்று முடிவு கட்டத் தோன்றியது. ஆனால் இரண்டு பக்கங்கள் அதற்கு இடம் தரவில்லை. 41ஆம் பக்கத்தில் பாதித் தாளை அடைத்து ஒரு புகைப்படம் இருந்தும் எழுத்து கூர்மையாக இருந்தது. 3ஆம் பக்கத்தில் படமே இல்லாதிருந்தும் எழுத்து கெட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் மலரின் பெயருக்கு மட்டும் 40 விழுக்காடு ஒளி ஊடுருவும் நிழல் ஒன்று போட்டிருந்தோம். குத்துவிளக்குப் படமும் ஊடுருவும் தன்மை கொண்ட பிஎன்ஜி கோப்பு. புகைப்படமோ சாதாரண ஜேபெக், அதில் ஊடுருவல் கிடையாது. 13 பக்கங்களுக்கும் பொதுவாக இருந்தது படம் அன்று, ஒளி ஊடுருவல்.

இதை உறுதி செய்ய ஒரே ஒரு மாற்றம் போதும். கவிதைப் பகுதியில் 29ஆம் பக்கத்திலிருந்து மட்டும் விளக்குப் படத்தை எடுத்துவிட்டு, வேறு எதையும் தொடாமல் அதே மெய்நிகர் அச்சுப்பொறிக்கு அனுப்பினேன். 29ஆம் பக்கம் கூர்மையாக வந்தது. 28உம் 30உம் பழையபடியே இருந்தன.

ஏன் ஊடுருவல் எழுத்தைக் கொல்கிறது

இதற்கு விடை, கோப்பு கடந்து வந்த வழியில் இருக்கிறது. 'பிடிஎஃப்' என்ற அந்த அச்சுப்பொறி, கப்ஸ்-பிடிஎஃப் என்ற தொகுப்பு உருவாக்கும் அச்சு வரிசை. லினக்ஸில் அச்சுப் பணிகளைக் கவனிக்கும் கப்ஸ் அச்சு முறைமைக்கு அது, பக்கத்தை எப்படி வரைவது என்று அச்சுப்பொறிக்குச் சொல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி புரியும் ஓர் அச்சுப்பொறியாகவே தன்னைக் காட்டிக்கொள்கிறது. லினக்ஸ் அச்சு முறைமையில் பணிகளின் பொது வடிவத்தைப் போஸ்ட்ஸ்கிரிப்டிலிருந்து பிடிஎஃபுக்கு மாற்றுவது என்று 2006இல் அட்லாண்டாவில் கூடிய அச்சு மாநாட்டில் முடிவானது. அதன்படி இன்று லிப்ரெஆபிஸும் கப்ஸிடம் பிடிஎஃபைத்தான் ஒப்படைக்கிறது. கப்ஸோ, வரிசையின் மறுமுனையில் இருப்பது போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறி என்று நம்பி, அந்தப் பிடிஎஃபைப் பிடிஎஃப்டுபிஎஸ் என்ற வடிகட்டி வழியாகப் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றுகிறது. பிறகு கப்ஸ்-பிடிஎஃப் அதை வாங்கி, போஸ்ட்ஸ்கிரிப்டைப் படித்து வரையும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளின் துணையோடு மறுபடியும் பிடிஎஃபாக மாற்றித் தருகிறது. நல்ல நிலையில் கையிலிருந்த பிடிஎஃப் வேறொரு மொழிக்குப் போய்த் திரும்பி வருகிறது. கப்ஸின் பிழைத்திருத்தப் பதிவை இயக்கிவிட்டு ஒரு பக்கத்தை அனுப்பியபோது, வடிகட்டிகள் இந்த வரிசையில் இயங்குவதைப் பதிவேட்டிலேயே படிக்க முடிந்தது.

அடோபி நிறுவனம் 1984இல் அறிமுகம் செய்த போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒளி ஊடுருவல் என்ற கருத்தே இல்லை. அதில் ஒன்றின்மேல் ஒன்று பூசினால் மேலே இருப்பது கீழே இருப்பதை முழுவதும் மறைக்கும். ஊடுருவல் 2001இல் வந்த பிடிஎஃப் 1.4 பதிப்பில்தான் சேர்ந்தது. எனவே ஊடுருவல் உள்ள பக்கத்தைப் போஸ்ட்ஸ்கிரிப்டில் சொல்ல வேண்டிய மாற்றிக்கு, அந்தப் பக்கத்தின் இறுதித் தோற்றத்தைப் புள்ளிப்படமாக வரைந்து அந்தப் படத்தை அனுப்புவதே எளிய வழி. எங்கள் வரிசையில் அந்த வேலையைச் செய்தது பாப்ளரின் பிடிஎஃப்டுபிஎஸ். பக்கத்தில் ஊடுருவல் ஓரிடத்தில் இருந்தாலும் அது பக்கம் முழுவதையும் புள்ளிப்படமாக்கிவிடும். 3ஆம் பக்கத்தில் நிழல் விழுந்தது மலரின் பெயருக்கு மட்டும். ஆனால் அதற்குக் கீழே இருந்த பதிப்பு விவரங்களும் சேர்ந்து படமாகிவிட்டன.

இது எந்த மென்பொருளின் பிழையும் அன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பக்கத்தின் தோற்றம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற நேர்மையான நோக்கத்தோடுதான் மாற்றி அப்படிச் செய்கிறது. புள்ளிப்படமாக்காதே என்று அதற்குக் கட்டளையிடவும் முடியும். அப்படிச் செய்தால் கோப்பு தவறாகத் தெரியக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. நான் கையால் இயக்கிப் பார்த்தபோது எழுத்து எழுத்தாக வந்தது, ஆனால் விளக்கு மூலத்தில் இருந்தபடி வரவில்லை.

நுண்மையை உயர்த்திய முயற்சி

படம் 300 புள்ளியில் இருப்பதுதானே சிக்கல், 600 ஆக்கினால் போதுமே என்று நினைப்பது இயல்பு. வரிசையின் அமைப்பில் நுண்மையை 600க்கு உயர்த்தினேன். வந்த கோப்பில் பிடிஎஃப்இமேஜஸ் மறுபடியும் 300 என்றே காட்டியது. மாற்றம் ஏற்கப்படவில்லை என்று முதலில் எண்ணினேன். உண்மையில் அது ஏற்கப்பட்டு, அடுத்த கட்டத்தில் அழிந்திருந்தது. எங்கள் கப்ஸ்-பிடிஎஃப் அமைப்புக் கோப்பில் கோஸ்ட்ஸ்கிரிப்டுக்குக் கொடுத்திருந்த தரநிலை 'பிரீபிரஸ்'. அந்தத் தரநிலை வண்ணப் படங்களையும் சாம்பல் படங்களையும் 300 புள்ளியில் வைக்க முயல்கிறது. அந்த அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டிய படத்தை, அதாவது 450க்கு மேற்பட்டதை, 300க்கு இறக்கிவிடுகிறது. அச்சுக்கு முந்தைய தயாரிப்புக்கென்றே பெயர் பெற்ற தரநிலை இப்படிச் செய்வது, புகைப்படங்களை நினைத்து வகுத்த கணக்கு. புகைப்படத்துக்கு 300 தாராளம். எழுத்துக்கு அது போதாது.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. இறக்கும்போது அருகருகே உள்ள புள்ளிகளைக் கலந்து கணக்கிடுவதால், கறுப்பும் வெள்ளையுமாக இருந்த விளிம்புகளில் சாம்பல் நிறம் சேர்கிறது. கறுப்பு மை மட்டும் ஓடும் ஆஃப்செட்டில் சாம்பல் மை என்று ஒன்று இல்லை, சாம்பலைப் பொடிக் கறுப்புப் புள்ளிகளாகத்தான் அடிக்க முடியும். ஆகவே நுண்மையை உயர்த்திய கோப்பு திரையில் சற்று இதமாகத் தோன்றினாலும், பிளேட்டில் விளிம்பெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். திரையை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் நான் இதையே தீர்வு என்று அனுப்பியிருப்பேன்.

வடிகட்டியின் வரைவியை மாற்றியும் பார்த்தேன். அந்த வரிசைக்குப் பாப்ளருக்குப் பதிலாகக் கோஸ்ட்ஸ்கிரிப்டையே பயன்படுத்தும்படி எல்பிஅட்மின் கட்டளையால் சொல்லலாம். அதிலும் ஊடுருவல் உள்ள பக்கம் படமாகவே வந்தது. இடையில் போஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கும்வரை வேறு விதமாக நடக்க வழியில்லை.

நல்ல பக்கங்களிலும் ஒரு குறை

மூன்றாம் மாலையில், புகாரில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. கூர்மையாக வந்த 51 பக்கங்களிலும், பிடிஎஃப்ஃபான்ட்ஸ் அட்டவணையில் யூனிகோட் குறிப்பு 'இல்லை' என்றே இருந்தது. கோப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகள் விழுந்தன. அச்சுப் பிரதிக்கு இது பொருட்டில்லை. ஆனால் வட்டத்தின் பழைய மலர்களை எண்மவடிவில் சேர்த்து வைத்து, தலைப்பும் பெயரும் தேடி எடுக்க விரும்பும் எங்களுக்கு இது அச்சுத் தரத்துக்குச் சமமான இழப்பு.

தமிழில் இந்த இழப்பு ஏன் முழுமையாக நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிடிஎஃபில் பதிவாவது யூனிகோட் எழுத்து அன்று, எழுத்துருவுக்குள் இருக்கும் வடிவத்தின் எண். 'கொ' என்பது யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகள். தாளில் அது ஒற்றைக் கொம்பு, க, கால் என மூன்று வடிவங்கள், அதிலும் கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. வடிவத்திலிருந்து எழுத்துக்குத் திரும்ப, டுயூனிகோட் எனும் ஒப்பீட்டு அட்டவணை கோப்புக்குள் இருக்க வேண்டும். வரிசை மாறும் இடங்களில் இந்த மூன்று வடிவங்களும் சேர்ந்து இன்ன எழுத்து என்று ஆக்சுவல்டெக்ஸ்ட் குறிப்பும் வேண்டும். லிப்ரெஆபிஸ் நேரடியாகப் பிடிஎஃப் எழுதும்போது இரண்டையும் எழுதுகிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் வழியில் இரண்டும் உதிர்ந்துபோகின்றன. திரும்பி வரும் கோப்பில் வடிவம் மட்டும் எஞ்சுகிறது.

செய்த மாற்றங்கள்

முதலாவதாக, மெய்நிகர் அச்சுப்பொறி வழியைக் கைவிட்டோம். லிப்ரெஆபிஸின் கோப்புப் பட்டியலில் உள்ள பிடிஎஃபாக ஏற்றுமதி செய்யும் வசதி, கப்ஸ் முறைமையைத் தொடாமல் தானே கோப்பை எழுதுகிறது. அந்த வழியில் 64 பக்கங்களிலும் எழுத்துரு பதிந்திருந்தது, யூனிகோட் குறிப்பு 'உண்டு' என்று வந்தது, ஊடுருவல் ஊடுருவலாகவே நின்றது. கோப்பின் அளவு 2 எம்பியை ஒட்டி அடங்கியது. இத்தகைய ஏற்றுமதி வசதி இல்லாத செயலிகளில், பல லினக்ஸ் செயலிகள் பயன்படுத்தும் ஜிடிகே அச்சிடும் பெட்டியில் தோன்றும் 'கோப்பாக அச்சிடு' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் கெய்ரோ என்ற வரைகலை நிரல் நூலகத்தின் வழியே நேரடியாகப் பிடிஎஃப் எழுதுகிறதே ஒழிய, போஸ்ட்ஸ்கிரிப்டைக் கடப்பதில்லை.

இரண்டாவதாக, ஊடுருவலையே நீக்கினோம். இது தேவையா என்று வட்டத்து நண்பர் ஒருவர் கேட்டார். நம் கோப்பு சரியாக இருந்தாலும் அச்சகத்தில் அதைப் பக்க வரிசைப்படுத்தும் மென்பொருள் எந்த வழியில் கையாளும் என்பது நம் கையில் இல்லை. அச்சுக்கான கோப்புத் தரமான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ ஊடுருவலை அனுமதிப்பதே இல்லை என்பதும் காரணமில்லாமல் அன்று. தாள் வெள்ளை, விளக்குக்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை. எனவே கிம்ப் மென்பொருளில் விளக்கை வெள்ளைப் பின்னணியோடு கலந்து, வெளிறிய சாம்பல் நிறத்தில் ஊடுருவாத படமாகச் சேமித்து, பக்கப் பாணியில் மாற்றி வைத்தேன். கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை. மலரின் பெயருக்குப் போட்ட நிழலின் ஊடுருவலைப் பூஜ்யமாக்கி, நிறத்தை மட்டும் வெளிறவைத்தேன். இந்த மாற்றத்துக்குப் பிறகு, சோதனைக்காகப் பழைய மெய்நிகர் அச்சுப்பொறிக்கே அனுப்பியபோதும் 13 பக்கங்களும் எழுத்துருவோடு வந்தன. காரணம் பற்றிய முடிவு அத்தோடு ஐயமின்றி உறுதியானது.

இதே நாட்களில் வட்டத்து உறுப்பினர் ஒருவர், உலாவியிலிருந்து பிடிஎஃபாகச் சேமித்த கட்டுரையில் எழுத்து சற்றுத் தடிமனாகத் தெரிகிறது என்று காட்டினார். அறிகுறி ஒன்று போலிருந்தாலும் காரணம் வேறு. அங்கே பிடிஎஃப்ஃபான்ட்ஸ் அட்டவணையில் எழுத்துரு இருந்தது, ஆனால் அதன் வகை 'டைப் 3' என்று இருந்தது. குரோமியம் வழிவந்த உலாவிகளில் பிடிஎஃப் எழுதும் ஸ்கியா நூலகம், ஒரே கோப்பில் பல தடிமன்களை அடக்கிய மாறுநிலை எழுத்துருக்களை அந்த வகையாகவே பதிக்கிறது. டைப் 3 எழுத்துருவில் ஹின்டிங் கிடையாது என்பதால் குறைந்த பெரிதாக்கத்தில் பல மென்பொருள்கள் அதைத் தடிப்பாகக் காட்டுகின்றன. பெரிதாக்கினால் வளைவு உடையவில்லை என்பதே இது படமன்று என்பதற்குச் சான்று. நோட்டோ எழுத்துருவின் மாறுநிலைக் கோப்பை எடுத்துவிட்டு, இயல்பு, தடிமன் என்று தனித்தனியாக வரும் கோப்புகளை நிறுவியதும் அந்தக் குறை நீங்கியது.

மாற்றிய கோப்பை அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிடிஎஃப்ஃபான்ட்ஸை இயக்கி, எந்தப் பக்கத்திலும் பட்டியல் வெறுமையாக இல்லை என்று பார்த்தேன். பிறகு 'கொடி' என்ற சொல்லை மூலக் கோப்பிலும் பிடிஎஃபிலும் தேடினேன். இரண்டிலும் அதே நான்கு இடங்கள். அச்சகத்தில் மறுபடி எடுத்த லேசர் புரூஃபை நேரில் போய்ப் பார்த்தேன். 29ஆம் பக்கத்துக் கவிதையில் 'ழ'கரச் சுழிகளுக்குள் தாளின் வெள்ளை தெளிவாகத் தெரிந்தது. அன்று மாலையே பிளேட் எடுத்தார்கள்.